கரடிக்குப் போன அக்காரவடிசல்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். என்னைப் பெண் பார்த்த வைபவத்தில் இனிப்பு முழுவதையும் ஒரு கரடி சாப்பிட்டுவிட்டது. இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லுவார். அவர் சொன்னால் கரடி இன்னும் இரண்டடி வளரும், நான் இன்னும் கொஞ்சம் அசடாகத் தெரிவேன். (இருக்கிற அசடே போதும்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்ரீரங்கத்தில் வீடு, தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. இயந்திரப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் எப்படிப் படம் போடுவது என்று சொல்லிக்கொடுப்பேன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த செந்தில் அங்கே படிக்க வந்தார். மூன்று மாதப் படிப்பை அவர் எட்டு மாதம் படித்தார். சரியான மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மக்கு யாரென்று எட்டாவது மாதம்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் சம்மதம் வாங்க ஒரு வருஷம் ஆனது. அப்பா நாலு மாதம் என்னோடு பேசவே இல்லை. அம்மா அந்த நாலு மாதமும் பேசிக்கொண்டே இருந்தாள். இதில் எது தேவலை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவழியாக இரண்டு பேரும் இறங்கி வந்த பிறகுதான், செந்தில் வீட்டில் இன்னொரு சம்மதம் பாக்கி இருப்பது தெரிந்தது. அது அவருடைய அக்கா தமிழ்ச்செல்வியின் சம்மதம்.

அக்காவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவர். மாதம் ஒரு தடவை முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறி, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார். அடுத்த நாள் ஏழு மணிக்கு ஷிஃப்டுக்கும் போய்விடுவார். செந்தில் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அக்கா வேணாம்னு சொல்லிட்டா என்னால முடியாது வைதேகி. அவங்க பேச்சை மீறி நான் எதுவும் பண்ணினது இல்ல."

அழுதேன். பிறகு கோபப்பட்டேன். பிறகு அந்த அக்காவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கவில்லை. போன் செய்தார்.

"பட்டுப்புடவை கட்டிக்கிட்டு காபி கொடுக்கறதைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எங்ககூட மலைக்கு வா. ரெண்டு நாள் கூட இருந்தா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். மலை ஏறுவியா?"

"ஏறுவேங்க அக்கா. மலைக்கோட்டைக்கு எத்தனையோ தடவை ஏறியிருக்கேன்."

அந்தப் பக்கம் அக்கா இருமினார். (மலைக்கோட்டையில் படிக்கட்டு உண்டு, தலைக்கு மேல் கூரை உண்டு, ஏறும்போது தள்ளிவிட ஒரு பட்டாளமே பின்னால் வரும். இதையெல்லாம் அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.)

"சரி, வா. பச்சைமலைக்குப் போறோம்" என்று போனை வைத்துவிட்டார்.

இனி அம்மா. ரெண்டு நாள் காட்டில் தங்கப்போகிறேன் என்றதும் அவளுக்கு வந்த முதல் கவலை பாம்பும் இல்லை, புலியும் இல்லை. "பெரியவாளை முதமுதல்ல பார்க்கப் போறே. வெறுங்கையோடயா போவா?" என்றாள். கிளம்புகிற அன்று விடிகாலையில் எழுந்து குளித்து, பாலிலேயே அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லம் போட்டு, கை நிறுத்தாமல் நெய் விட்டு, பச்சைக் கற்பூரம் போட்டு ஒரு அக்காரவடிசல் செய்தாள். வீட்டுப் பெருமாளுக்கு அமுது செய்யப்பண்ணினாள். அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில் அதை வழித்துப் போட்டு, மூடியை அழுத்தி, அப்பாவின் தோய்த்து உலர்த்திய பழைய வேஷ்டித் துண்டில் முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"இது பிரசாதம், நினைவு வெச்சுக்கோ. தரையில படப்படாது. கண்டதோட சேர்த்து வைக்கப்படாது. முட்டை கிட்டை பக்கத்துலயே போகப்படாது. அவ குளிச்சுட்டு வந்தப்புறம் ரெண்டு கையாலயும் வாங்கிக்கச் சொல்லு. புரிஞ்சுதா?"

புரிந்தது. எனக்கு அன்று புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பக்கத்தில் அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். குள்ளமான உருவம், கறுத்த முகம், இறுகக் கட்டிய ஷூ, தன்னைவிடப் பெரிய மூட்டை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். ஏதோ பாகத்தை அளவு சரியா என்று பார்க்கிற பார்வை. பார்வை என் செருப்பில் வந்து நின்றது. "இதோடயா ஏறப்போற?" என்றார். பூ வைத்த செருப்பு. அதற்குப் பொருத்தமாகத்தான் துப்பட்டா எடுத்திருந்தேன் என்று சொல்ல நினைத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை. செந்தில் தன் பையிலிருந்து ஒரு ஜோடி பழைய ஷூவை எடுத்து நீட்டினார். இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

துறையூரில் பஸ் மாறி மலை மேல் இறங்கி, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் நடை. தூக்கு சாயக் கூடாது என்பதால் என் பையை முதுகில் போடாமல் முன்பக்கம் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நடந்தேன். கல்லில் தடுக்கினால் நான் விழலாம், தூக்கு விழக் கூடாது. செந்தில் நாலைந்து தடவை "கொடு, நான் தூக்கிக்கறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் காலையில் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன்.

இதை அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "பரவால்லயேடா" என்று தம்பியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "மூச்சு வாங்குது, ஆனா தன் மூட்டையைத் தானே தூக்குது." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முதல் மார்க்!

கூடாரம் போட்ட இடம் பெரியசாமி அண்ணன் என்கிற மலைக்காரருடைய மரவள்ளிக் காட்டின் ஓரம். ஒரு பெரிய பலாமரம், கொஞ்சம் இறங்கினால் ஓடை, மேலே கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. அக்காவும் அவரும் பல வருஷப் பழக்கம். "கரடி நடமாட்டம் எப்படிண்ணே?" என்று அக்கா கேட்க, பஸ் எப்போது வரும் என்பதற்குச் சொல்கிற மாதிரி, "பலா பழுக்கறப்ப தெனம் வரும்மா. இப்ப எப்பவாச்சும்தான்" என்றார் அவர்.

கரடியா? எனக்குப் பயம் வந்தது. அதே சமயம் ஒரு குஷியும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் வீதியில் நான் பார்த்த பெரிய பிராணி கோயில் யானைதான். அதுவும் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுகிற ரகம்.

அக்கா வகுப்பு எடுத்தார். "நல்லா கேட்டுக்க. கரடி வந்தா ஓடக் கூடாது. கத்தக் கூடாது. மெதுவான குரல்ல ஏதாச்சும் பேசிக்கிட்டே, அதைப் பார்த்தபடியே பின்னால நகரணும். மனுஷங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியணும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், அது வராம பார்த்துக்கறது. அதுக்கு மூக்குதான் எல்லாம். திங்கிற சாமான் ஒண்ணுகூடக் கூடாரத்துல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, தள்ளிப் போயி மரத்துல உசரமா தொங்கவிட்டுடுவோம். உன்கிட்ட இருக்கறதை எல்லாம் எடு."

எடுத்தேன். பிஸ்கட், வேர்க்கடலை, உப்பு நார்த்தங்காய், இருமல் மிட்டாய், பற்பசை, எல்லாவற்றையும் எடுத்தேன். சாப்பாட்டுப் பையில் ஏற்கெனவே அவித்த முட்டை எட்டும், ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் இருந்தன. அப்புறம் பையைத் தொங்கவிடுகிற கட்டம். அக்கா கயிற்றைக் கிளைக்கு மேல் வீசினார், விழுந்தது. செந்தில் வீசினார், அவர் தலையிலேயே விழுந்தது. நான் பெரியசாமி அண்ணன் வேலியில் சாத்தியிருந்த நீளக் கவைக்கொம்பை எடுத்து, பையின் காதை அதில் மாட்டி, ஒரே தூக்கில் உயரமான கிளையில் கொண்டுபோய் மாட்டினேன்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?"

"வீட்டுலதாங்க அக்கா. மடித்துணியை யாரும் தொடாம இருக்கறதுக்காகக் கூரைக்குப் பக்கத்துல கொடி கட்டியிருப்போம். தினமும் கோலாலதான் உலர்த்தணும்."

அக்கா முதன்முறையாகச் சிரித்தார். இரண்டாவது மார்க். நான் தரையில் இல்லை.

"வேற ஒண்ணும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லீங்க அக்கா."

இங்கேதான் என்னை நீங்கள் நம்ப வேண்டும். அது பொய் இல்லை. அவர் கேட்டது திங்கிற சாமான். என்னிடம் இருந்தது பிரசாதம். எங்கள் வீட்டில் பிரசாதத்தை யாரும் தின்பதுமில்லை, சாப்பிடுவதுமில்லை, ஸ்வீகரிப்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள்கூட, பிரசாதம் என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்பதால். அந்த இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் எனக்கு அந்தத் தூக்கில் இருப்பது ஒரு உணவு என்றே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைக் கொண்டுபோய் நெத்திலிக் கருவாட்டோடு தொங்கவிட்டிருப்பேனா? அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகையால் அதை மரியாதையாகக் கூடாரத்துக்குள் எடுத்துப்போனேன். தரையில் படக் கூடாதே! கூடாரத்தின் உச்சியில் விளக்கு மாட்ட ஒரு கொக்கி இருந்தது. யாரோ பெருமாளுக்கென்றே வைத்த மாதிரி. அதில் மாட்டினேன். உள்ளே நெய்யும் வெல்லமும் பச்சைக் கற்பூரமுமாகக் கமகமவென்று மணத்தது. எனக்கே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். "நான் போயி ஒரு குளியல் போட்டுட்டு வரேன்" என்று அக்கா துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். செந்தில் விறகு கேட்டுப் பெரியசாமி அண்ணன் வீட்டுக்கு ஏறினார். அக்கா குளித்துவிட்டு வந்ததும் கொடுத்துவிட வேண்டியதுதான். கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து வசனத்தை ஒத்திகை பார்த்தேன். "அக்கா, அம்மா உங்களுக்காகக் கொடுத்துவிட்டாங்க." இல்லை, இது சரியில்லை. "அக்கா, பெருமாள் பிரசாதம், வாங்கிக்குங்க." இது தேவலை.

பின்னால் சருகு சத்தம். உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு கறுப்பாக ஏதோ வந்தது. பெரியசாமி அண்ணன் கம்பளி போர்த்திக்கொண்டு குனிந்து எதையோ தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "என்னங்கண்ணே தேடறீங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அண்ணன் தலையைத் தூக்கினார். மூக்கு நீளமாக, வெளுப்பாக இருந்தது.

கரடி!

அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பின்னங்காலில் எழுந்து நின்று மூக்கை ஆட்டி ஆட்டிக் காற்றை மோந்தது. மார்பில் வெள்ளையாக ஒரு நாமம். வடகலையா தென்கலையா என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. (பார்த்தேன். தென்கலை.)

ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மெதுவாகப் பேச வேண்டும். ஆனால் கரடியிடம் என்ன பேசுவது? அதை அக்கா சொல்லித்தரவில்லை. வாயைத் திறந்தேன். வாசலில் யார் வந்து நின்றாலும் எது வருமோ அதுதான் வந்தது.

"வாங்க."

கரடி வந்தது.

"வாங்க வாங்க" என்று நான் பின்னால் நகர, அது என்னைத் தாண்டிப் போய்க் கூடார வாசலில் மூக்கை நுழைத்தது. தலை உள்ளே போனது. தோள் போனது. அப்புறம் மொத்தக் கரடியும் போனது. உள்ளே தூக்கு கொக்கியில் இடிபடுகிற சத்தம் ணங்கென்று கேட்டது. அடுத்த நொடி கம்பி வளைந்து, கூடாரம் அதன் மேல் சரிந்து, ஆரஞ்சு நிறத் துணி மூட்டை ஒன்று நாலு காலில் எழுந்து நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றியது. மண்டபத்தில் பந்தி நடக்கும்போது இலையிலிருந்து பாயசத்தை உறிஞ்சுகிற மாமாக்கள் இருப்பார்களே, அவர்கள் பத்துப் பேர் சேர்ந்து உறிஞ்சுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

அப்போது அக்கா ஓடையிலிருந்து ஏறி வந்தார். ஈரத்தலை, தோளில் துண்டு. தன்னுடைய அருமைக் கூடாரம் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"டேய் செந்தில்! என்னடா விளையாட்டு இது? கம்பியை ஒடிச்ச, தோலை உரிச்சுடுவேன். வெளிய வாடா!"

"அக்கா, அவர் இல்லீங்க" என்று ஏதோ காற்றாக வந்தது. அக்கா காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று கிட்டே போய், துணி மூட்டையின் பின்பக்கத்தில் ஈரத்துண்டால் பளாரென்று ஒன்று வைத்தார்.

"கூப்பிட்டியாக்கா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. தலையில் விறகோடு செந்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா செந்திலைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். மறுபடி செந்திலைப் பார்த்தார். துணி டர்ரென்று கிழிந்து, உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. மூக்கு நுனி முழுவதும் அக்காரவடிசல்.

அந்த நிமிஷம் சிரிப்பாக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கும் கரடிக்கும் நடுவில் மூன்றடிதான் இருந்தது. அதன் முன்னங்கால் நகம் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அக்கா அசையவில்லை, வாய் பேசவில்லை, வகுப்பெடுத்த அத்தனையும் அவருக்கே மறந்துபோய்விட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. செந்திலுக்கு இருக்கிற ஒரே ஆள் அவர். அவருக்கு ஏதாவது ஆனால், அது என் தூக்கால்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து என்னைத் தள்ளியது. கிட்டே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கரடியைப் பார்த்து மெதுவாகப் பேச ஆரம்பித்தேன்.

"நல்லாருக்குங்களா? அம்மா பண்ணினதுங்க. நெய் கொஞ்சம் தாராளமாவே விடுவாங்க. பொறுமையா சாப்பிடுங்க. இன்னும் வேணும்னு கேட்டுடாதீங்க, ஒரு தூக்குதாங்க கொடுத்துவிட்டாங்க. அக்காவுக்குத்தான் கொண்டுவந்தேன். பரவால்லீங்க, நீங்களே எடுத்துக்குங்க."

பேசப் பேச ஒவ்வொரு அடியாக அக்காவை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். ஐந்தடி. பத்தடி. கரடி ஒரு தடவை உறுமியது, அவ்வளவுதான். மேலேயிருந்து பெரியசாமி அண்ணன் தகரத்தைத் தட்டிக்கொண்டே, "ஓடாதீங்க! அது பாட்டுக்குப் போயிடும்!" என்று கத்தினார். அது பாட்டுக்குத்தான் போனது. கிழிந்த துணியை உதறிவிட்டு, தூக்கின் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு, அப்பா பெயர் வெயிலில் மின்ன, கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பட்சணத்தோடு கிளம்புகிற உறவுக்காரர் போலப் புதருக்குள் நடந்தது. மரத்தில் தொங்கிய கருவாட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போயிட்டு வாங்க" என்றேன் நான். (என்ன செய்வது? எங்கள் ஊரில் யாரையும் வெறுமனே போங்க என்று சொல்லிப் பழக்கமில்லை.)

நாங்கள் பெரியசாமி அண்ணன் வீட்டுக்கு ஓடினோம். கதவைச் சாத்தினோம். அக்கா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கீழே வைத்தார். குரல் திரும்பிவிட்டது.

"கூடாரத்துல திங்கிற சாமான் வெச்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில் முந்திக்கொண்டார். "நான்தான்க்கா. கடலைமிட்டாய் வெச்சிருந்தேன். அவ பையில போட்டுட்டேன், அவளுக்கே தெரியாது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமா என்கூட மலைக்கு வர? இது தெரியாதா உனக்கு? இனிமே நீ என்கூட மலைக்கு வர வேணாம். எங்கயும் வர வேணாம்."

செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். பேசாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்தால் எனக்குக் கல்யாணம் நடக்கும். மூட்டையைத் தானே தூக்கிய பெண், கோலால் பையை மாட்டிய பெண், அக்கா கையைப் பிடித்து இழுத்துவந்த பெண். அத்தனை மார்க்கும் கையில் இருந்தது. அந்த ஆள் குனிந்த தலையோடு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, அவர் இல்லீங்க. நான்தான். பெருமாள் பிரசாதம். உங்களுக்காக அம்மா கொடுத்துவிட்டது. நீங்க திங்கிற சாமான் இருக்கான்னு கேட்டீங்க. பிரசாதம் அந்தக் கணக்குல வராதுன்னு நினைச்சுட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

பெரியசாமி அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார் அக்கா. "கரடிகிட்ட எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டியே. நானும் பக்கத்துலதானே நின்னேன்?"

நாங்கள் மலையை விட்டு அன்றே இறங்கிவிடலாம் என்று சாமானை எடுக்கப் போனபோது, போயிட்டு வாங்க என்று வழியனுப்பப்பட்ட விருந்தாளி சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்து, கூடாரத் துணியை நக்கிக்கொண்டிருந்தது. அது முடித்துவிட்டுப் போகும்வரை தூரத்தில் நின்று காத்திருந்தோம். பெரியசாமி அண்ணன் ஜீப் ஏற்பாடு பண்ணி அனுப்பினார். துறையூரிலிருந்து திருச்சிவரை அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்தில் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்தது என்று நான் தீர்மானித்துவிட்டேன். இனி தென்னூர் சென்டரில் வேறு யாராவது மக்கு வந்து சேர்ந்தால்தான் உண்டு.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா கையை நீட்டினார். "உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடு."

போட்டேன். விரல் மூன்று தடவை தவறான எண்ணைத் தொட்டது.

"வணக்கம்மா, செந்திலோட அக்கா பேசறேன். உங்க பொண்ணு நல்லா இருக்கா. நீங்க கொடுத்துவிட்டது என்கிட்ட வந்து சேரலம்மா. வழியில ஒரு கரடி சாப்பிட்டுடுச்சு." அம்மா அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "இல்லம்மா, ஒண்ணும் மிச்சம் வைக்கல. துணியைக்கூட நக்கிட்டுப் போயிருக்கு. பக்கத்துல கருவாடு இருந்துச்சு, அதைத் தொடவே இல்ல. அந்த வாசனையை மூணடி தூரத்துல நின்னு மோந்ததோட சரி, எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கல. அதனால நான் நேர்ல வந்து சாப்பிடணும். எப்ப வரட்டும்? நல்ல நாளாப் பார்த்துச் சொல்லுங்க. தம்பியையும் கூட்டிக்கிட்டு, தட்டோட வரேன்."

பஸ் ஸ்டாண்டின் நடுவில், நூறு பேர் பார்க்க, நான் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "சரி சரி, விடு. என்கிட்டப் பொய் சொல்றவன் ஒருத்தன் வீட்டுல இருக்கான், அவன் ஒருத்தன் போதும்" என்றார். செந்தில் அவசரமாக டீ வாங்கப் போய்விட்டார்.

அம்மாவிடம் நான் வீட்டுக்குப் போய் முழுக் கதையும் சொன்னேன். அவள் கேட்ட கேள்விகள் இரண்டு. "தரையில சிந்தித்தா?" என்பது ஒன்று. "தூக்கு என்னாச்சு?" என்பது மற்றொன்று. (தூக்கைப் பெரியசாமி அண்ணன் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அப்பா பெயருக்குக் குறுக்கே நாலு பல் பதிந்திருக்கிறது.) கரடி எங்களைப் போலவே தென்கலை நாமம் போட்டிருந்தது, கருவாட்டைத் தொடவில்லை என்று சொன்னதும் அவள் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "என்ன பாக்கியம் பண்ணித்தோ" என்றாள். மகள் உயிரோடு வந்த பாக்கியத்தைப் பற்றி அப்புறம் சாவகாசமாகப் பேசினாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. நாங்கள் மூவரும் இன்னமும் மலைக்குப் போகிறோம். ஸ்ரீரங்கத்தில் எந்த விசேஷமாக இருந்தாலும் தமிழ்ச்செல்வி அக்கா ஷிஃப்டு முடித்துவிட்டு நேரே வந்துவிடுவார். கை கால் அலம்பிக்கொண்டு இலையில் உட்காருவார். அம்மா அக்காரவடிசல் பாத்திரத்தோடு வருவாள். கரண்டி இலைக்கு மேல் வரும்போது அக்கா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, என்னைப் பார்த்துத்தான் கேட்பார்:

"ஏம்மா வைதேகி, அவங்களுக்குப் பரிமாறியாச்சா?"